‘வீடு’ மீண்டும் திரையில்: பெங்களூர்த் திரையிடல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலு மகேந்திரா இயக்கி 1988ஆம் ஆண்டு வெளியான ‘வீடு’ திரைப்படம், அல்சூர்ப் பகுதியில் தனியார் ஒருவர் நடத்திவரும் சிற்றரங்கில் வரும் மார்ச் மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்குத் திரையிடப்படுகிறது. பெங்களூரில் வாழும் தமிழ் வாசகர்களும் திரைப்பட ஆர்வலர்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் வட்டம் இதற்கான ஏற்பாடுகளைச் செய்துவருகிறது. அறிவிப்பு வெளியானதிலிருந்து பலரும் கேட்டுவரும் கேள்விகளுக்கான விடைகளைக் கீழே தந்திருக்கிறோம்.

படத்தின் கதை என்ன? பார்ப்பதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லதா?

கதையின் தொடக்கத்தைத் தெரிந்துகொள்வதால் இழப்பு எதுவும் இல்லை. முடிவை மட்டும் நாங்கள் சொல்ல மாட்டோம்; ஏற்கெனவே பார்த்தவர்களும் அரங்கில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிவிடாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

சென்னையில் வேலைக்குப் போகும் சுதா, தன் தங்கை இந்துவுடனும் வயது முதிர்ந்த தாத்தா முருகேசனுடனும் வாடகை வீட்டில் குடியிருக்கிறாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். வேறு வீடு தேடி அலையும்போது, கேட்கப்படும் வாடகையும் முன்பணமும் அவள் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில் நிற்கின்றன. குடும்பத்துக்குச் சொந்தமாக இரண்டு கிரவுண்டு நிலம் இருப்பதை அறிந்த அலுவலக நண்பர் ஒருவர், ஒன்றை விற்று மற்றொன்றில் வீடு கட்டிக்கொள்ளலாமே என்று யோசனை சொல்கிறார். சுதாவைக் காதலிக்கும் கோபி உடன் நிற்கிறான். அதன் பிறகு படம் முழுவதும் அந்த வீடு எழும்புவதுதான் கதை.

இவ்வளவுதானா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீடு கட்டிப் பார்த்த எவருக்கும், வரைபட அனுமதியில் தொடங்கிக் கடனுக்கு அலைவது, கையூட்டு, ஒப்பந்தக்காரர் சொல்லும் சமாதானம், மழைக்கு நின்றுபோகும் வேலை, எண்ணியதைவிட வேகமாகக் கரையும் பணம் என்று ஒவ்வொரு படியும் எவ்வளவு பெரிய நாடகத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது என்பது தெரியும். அந்த நாடகத்தை ஊதிப் பெருக்காமல், அது நிகழும் அளவிலேயே காட்ட முடியும் என்று நம்பியதுதான் இந்தப் படத்தின் துணிவு.

தேசிய விருது பெற்ற படத்தைக் கவனிக்கப்படாத படம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அறிவிப்பில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதற்காகச் சிலர் எங்களிடம் வருத்தப்பட்டார்கள். அவர்களுடைய வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. 35ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருது ‘வீடு’ படத்துக்குக் கிடைத்தது. சுதாவாக நடித்த அர்ச்சனா அந்த ஆண்டின் சிறந்த நடிகையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு அடுத்த ஆண்டும் ‘தாசி’ என்ற தெலுங்குப் படத்துக்காக அதே விருதைப் பெற்றார். தமிழின் முக்கியமான படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் ‘வீடு’ அதில் இடம்பெற்றுவிடுகிறது.

ஆனால் பட்டியலில் இருப்பதும் பார்க்கப்படுவதும் வேறு வேறு. விருது கிடைத்ததும் ‘கலைப்படம்’ என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பெயர் ஒட்டியவுடன் படத்தைப் பார்க்காமலேயே மதிக்கும் வழக்கமும் வந்துவிடுகிறது. எங்கள் வட்டத்தில் ‘வீடு’ படத்தின் பெயரை அறியாதவர் எவரும் இல்லை. முழுமையாகப் பார்த்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. அவர்களிலும் பெரும்பாலோர் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். பெரிய திரையில் பார்த்ததாகச் சொன்னவர்கள் மிகச் சிலரே. ‘மூன்றாம் பிறை’யின் காட்சிகளை வரிசை மாறாமல் சொல்லக்கூடிய அதே பார்வையாளர்கள், அதே இயக்குநர் தம் படைப்புகளில் மிகவும் மதித்த படங்களில் ஒன்றை இன்னும் பார்க்காமல் இருக்கிறார்கள். கவனிக்கப்படவில்லை என்று நாங்கள் சொல்வது இந்தப் பொருளில்தான்.

இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாமே, அரங்குக்கு எதற்கு வர வேண்டும்?

எங்களிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. கைப்பேசியில் பார்ப்பவர்களைக் குறைத்துப் பேசும் நோக்கம் எங்களுக்கு இல்லை. அப்படியாவது இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களைவிட நல்ல நிலையில் இருக்கிறார்கள்.

இருந்தாலும் ‘வீடு’ படத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இதில் காலம்தான் முதன்மைப் பொருள். அஸ்திவாரம் தோண்டுவதற்கும் சுவர் எழுவதற்கும் ஆகும் நாட்களின் கனம் பார்ப்பவர் மீது படிய வேண்டும். பத்து விநாடி தாண்டித் தள்ளிவிடும் வசதி விரல் நுனியில் இருக்கும்போது, எதுவும் நடக்காதது போலத் தோன்றும் இடங்களைத்தான் விரல் முதலில் தள்ளிவிடுகிறது. இந்தப் படத்தின் உயிர் அந்த இடங்களில்தான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறோம். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தாத்தா முருகேசன் ஒரு நாள் தனியாகக் கிளம்புகிறார். பேருந்தில் வந்து இறங்கி, வெயிலில் மெல்ல நடந்து, முடியாத வீட்டுக்குள் நுழைகிறார். கதவு நிலை மட்டும் நிற்கும் வாசல், பூச்சு வேலை நடக்காத செங்கல் சுவர், கூரையில்லாத வெளிச்சம் எல்லாம் அவரைச் சூழ்ந்து நிற்கின்றன. அவர் பேசுவதில்லை. சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். ஒவ்வோர் அறையாக நின்று நின்று நடக்கிறார். வாழ்நாள் முழுவதும் பிறர் வீட்டில் வாடகை கொடுத்து இருந்த மனிதர் தன் வீட்டின் சுவரில் கை வைக்கும் அந்த நேரத்தைக் கையகலத் திரையில் பார்த்தால், ஒரு முதியவர் ஒரு கட்டடத்தைச் சுற்றி வருவது தெரியும். பெரிய திரையில் செங்கல்லின் சொரசொரப்பும், அதன் மீது படியும் விரல்களின் நடுக்கமும், அந்த முகத்தில் மெல்ல எழும் மாற்றமும் தெரியும். அந்தக் காட்சி அடுத்த காட்சிகளுக்கு எவ்வளவு தேவையானது என்பதும் அரங்கில் அமர்ந்திருக்கும்போதுதான் உறைக்கும்.

மற்றொரு காரணமும் உண்டு. ஒப்பந்தக்காரரின் முறைகேடு வெளிப்படும் காட்சியில் தனியாகப் பார்ப்பவர் எரிச்சலடைவார். அதே காட்சியை வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் நூறு பேருடன் பார்க்கும்போது அரங்கில் எழும் சலசலப்பும் படத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

பாடல்கள் இல்லையாமே?

இல்லை. பாடலோ நடனமோ சண்டையோ தனி நகைச்சுவைப் பகுதியோ இந்தப் படத்தில் கிடையாது.

ஆனால் இசை இருக்கிறது, அதுவும் மிகச் சிறந்த இசை. 1986ஆம் ஆண்டு இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்ற இசைத்தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்ட பகுதிகளைப் பாலு மகேந்திரா இதில் பின்னணி இசையாகப் பயன்படுத்தினார். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு அது, வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் முன்னின்று ஒலிக்கும். படத்துக்கென்று இயற்றப்படாத இசை ஒரு படத்துக்குள் இவ்வளவு இயல்பாக அமர்ந்துவிட்டதற்குத் தமிழில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எங்களுக்குத் தெரியவில்லை. இசையைக் குறைவாகவும், அளந்தும் வைத்திருக்கிறார் என்பதால், அது வரும் இடங்களில் கூடுதலாகக் கேட்கிறது. மற்ற நேரங்களில் நாம் கேட்பது மண்வெட்டியின் ஓசை, பேருந்துச் சத்தம், தெருவின் இரைச்சல். இந்த ஓசைகளையும் இசை போலவே காது கொடுத்துக் கேட்கும்படி பரிந்துரைக்கிறோம்.

யார் யார் நடித்திருக்கிறார்கள்?

சுதாவாக அர்ச்சனா, கோபியாகப் பானுசந்தர், தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர். கட்டடத் தொழிலாளி மங்கம்மாவாக நடித்தவர் ‘பசி’ சத்யா.

அர்ச்சனாவைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஒப்பனையின்றி, பருத்திப் புடவையில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கும் அவருடைய களைப்பு நடிப்பு என்ற நினைப்பையே தராது. சுதா எந்த இடத்திலும் வீராங்கனை போல நிமிர்ந்து வசனம் பேசுவதில்லை. கோபம் வரும்போது கோபப்படுகிறாள், அழுகை வரும்போது அழுகிறாள், மறுநாள் காலையில் மீண்டும் வேலைக்குப் போகிறாள். சம்பாதிக்கும் பெண்ணின் பெயரில் வீடு எழும்புவதை 1988இல் ஒரு தமிழ்ப் படம் இவ்வளவு இயல்பாக, அதை ஒரு செய்தியாக்காமல் சொல்லியிருப்பதை இன்றைய பார்வையாளர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும்.

சொக்கலிங்க பாகவதர் 1907இல் பிறந்தவர், நாடக மேடையிலிருந்து வந்தவர். இந்தப் படத்தில் நடித்தபோது எண்பது வயதை எட்டியிருந்தார். மேடை நடிகர்களுக்கு இருக்கும் உரத்த பழக்கங்கள் எதுவும் இல்லாமல், பேத்திகளுடன் பேசும்போது வீட்டு முதியவர் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசுகிறார்.

எங்களைப் பொறுத்தவரை, இந்தப் படத்தில் அதிகம் பேசப்படாமல் போன பாத்திரம் மங்கம்மாதான். சிமெண்ட் மூட்டைகள் எங்கே போகின்றன என்பதைச் சுதாவுக்குத் தெரியவைப்பவள் அவள். அதனால் தன் கூலிக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தும் பேசுகிறாள். படித்த, சம்பளக்காரப் பெண்ணுக்கும் சாந்துச் சட்டி சுமக்கும் பெண்ணுக்கும் இடையே உருவாகும் நம்பிக்கை, இந்தப் படத்தின் காதல் கதையைவிட உறுதியானது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

படத்துக்காக உண்மையிலேயே வீடு கட்டினார்களா?

ஆம். சென்னை சாலிகிராமத்தில் படத்துக்கென்றே ஒரு வீட்டைக் கட்டினார்கள். கட்டுமானம் வளர வளரப் படப்பிடிப்பும் வளர்ந்தது. அட்டையாலும் துணியாலும் அமைக்கப்பட்ட அரங்காக இருந்திருந்தால் அஸ்திவாரக் குழியின் ஈரத்தையும் சுவரின் சீரற்ற விளிம்பையும் காமிராவால் பிடித்திருக்க முடியாது.

இயக்கத்தோடு ஒளிப்பதிவையும் படத்தொகுப்பையும் பாலு மகேந்திராவே செய்தார். கதை அகிலா மகேந்திராவுடையது, தயாரிப்பாளர் கலாதாஸ். இலங்கையின் மட்டக்களப்புக்கு அருகிலுள்ள அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, சிறுவனாக இருந்தபோது தம் தாய் வீடு கட்டியதையும், அந்த முயற்சி அவரை எப்படி மாற்றியது என்பதையும் நினைவுகூர்ந்து, இந்தப் படத்தின் விதை அங்கே இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

பெங்களூரில் இதைத் திரையிடுவதற்குத் தனிக் காரணம் உண்டா?

இரண்டு காரணங்கள் உண்டு.

பாலு மகேந்திராவை இயக்குநராக்கியது கன்னடத் திரையுலகம். அவர் முதலில் இயக்கிய படம் 1977இல் வெளிவந்த ‘கோகிலா’ என்ற கன்னடப் படம். கமல்ஹாசனும் ஷோபாவும் நடித்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒளிப்பதிவுக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. மணிரத்னத்தின் முதல் படமான ‘பல்லவி அனு பல்லவி’யும் கன்னடப் படம்தான், 1983இல் வெளிவந்த அதற்கும் ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. தமிழ்த் திரையுலகம் தனக்கே உரியவராகக் கருதும் ஒரு கலைஞருக்கு இயக்குநராக முதல் வாசலைத் திறந்துவிட்டது கன்னடம் என்பதை இந்த ஊரில் இருந்துகொண்டு நினைவில் வைத்திருப்பது நம் கடமை.

மற்றொரு காரணம் இந்த ஊரின் வாழ்க்கை. அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன், ஸ்ரீராமபுரம் என்று தலைமுறைகளாகத் தமிழர்கள் குடியிருக்கும் பகுதிகளிலும், பின்னர் வேலை தேடி வந்தவர்கள் குடியேறிய வெளிவட்டப் பகுதிகளிலும், குடும்பப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வருவது சைட் எனப்படும் வீட்டுமனைதான். சென்னைக்காரர் கிரவுண்டு கணக்கில் பேசுவதைப் பெங்களூர்க்காரர் முப்பதுக்கு நாற்பது என்று பேசுகிறார். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. முப்பதுக்கு நாற்பது சைட் 1,200 சதுர அடி. அதாவது, சுதாவின் குடும்பத்திடம் இருந்த இரண்டு கிரவுண்டு நிலம் பெங்களூர்க் கணக்கில் நான்கு சைட். படம் பார்க்கும்போது இந்தக் கணக்கு மனத்தில் ஓடாத பெங்களூர்க்காரர் இருக்க மாட்டார்.

பி.டி.ஏ. எனப்படும் பெங்களூர் வளர்ச்சி ஆணையத்தின் மனை ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள், விவசாய நிலத்தை முறையான அனுமதியின்றிப் பிரித்து விற்கும் ரெவின்யூ சைட் வாங்கிவிட்டுப் பட்டாவுக்காக அலைந்தவர்கள், முறைப்படுத்தப்படாத சொத்துகளுக்கான ‘பி’ காத்தா பதிவில் இருப்பதால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டவர்கள், போர்வெல் போட்டுத் தண்ணீர் வராமல் இரண்டாவது இடத்தில் மீண்டும் போட்டவர்கள் என எல்லோரும் நம்மிடையே இருக்கிறார்கள். பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடும் இளைஞர்களோ பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்ட காலத்தைக் கண்டவர்கள். சுதா ஏறி இறங்கும் அலுவலகங்களின் பெயர்ப்பலகை மட்டும்தான் வேறு.

எந்த வடிவத்தில் திரையிடுகிறீர்கள்? படம் தெளிவாக இருக்குமா?

இதற்கு மறைக்காமல் பதில் சொல்ல விரும்புகிறோம். திரையிடப்போவது டிஜிட்டல் பிரதி. இது புதிதாக மீட்டெடுத்துச் செப்பனிடப்பட்ட பிரதி அல்ல. திரையரங்குகளில் ஓடிய பிரிண்ட் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது என்பதால், அந்த பிரிண்ட் பட்ட காயங்கள் இதில் தெரியும். சில இடங்களில் செங்குத்தான கீறல்கள் ஓடும். ஒவ்வொரு சுருளும் முடியப்போகும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறு வட்டம் மின்னி மறையும். அடுத்த புரொஜெக்டரை இயக்கத் தயாராகும்படி ஆபரேட்டருக்குத் தரப்படும் அடையாளம் அது. 2,000 அடிச் சுருள் ஏறத்தாழ 22 நிமிடம் ஓடும் என்பதால், அந்த இடைவெளியில் அதை எதிர்பார்க்கலாம்.

நிறமும் கொஞ்சம் மாறியிருக்கும். அந்தக் காலத்து வண்ணப் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் மற்ற சாயங்களைவிட விரைவாக மங்கிவிடும். அதனால் பழைய பிரிண்டுகள் இளஞ்சிவப்புப் பூச்சு ஏறியவை போலத் தெரியும். இயன்ற அளவு நிறத்தைச் சரிசெய்திருக்கிறார்கள். பாலு மகேந்திரா ஜன்னல் வழியாக வரும் ஒளியையும் காலை, மாலை வெயிலையும் கொண்டே பெரும்பாலும் படமெடுத்தவர் என்பதால், அந்த ஒளியின் தன்மை இவ்வளவு சிதைவுக்குப் பிறகும் எஞ்சி நிற்கிறது. ஒலி ஒற்றைத் தடத்தில் பதிவானது. திரைக்கு நடுவிலிருந்து மட்டும் வரும். அதைச் செயற்கையாகப் பக்கச் சுவர்களுக்குப் பரப்ப வேண்டாம் என்று அரங்க உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மூல நெகட்டிவிலிருந்து புதிய பிரதி எடுக்கக் கூடாதா?

எடுக்க முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ‘வீடு’ உட்படத் தம்முடைய சில படங்களின் நெகட்டிவ்கள் இல்லாமல் போய்விட்டன என்று பாலு மகேந்திராவே தம் கடைசி ஆண்டுகளில் மேடைகளில் வேதனையோடு பேசினார். தமிழ்த் திரைப்படங்களுக்கென்று ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்பது அவர் விடாமல் முன்வைத்த கோரிக்கை. 2014ஆம் ஆண்டு பிப்ரவரி 13 அன்று அவர் மறைந்தார்.

நெகட்டிவ் எப்படி அழிகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். படச்சுருளின் அடித்தளம் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பொருளால் ஆனது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் அது சிதையத் தொடங்கி அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். டப்பாவைத் திறந்தால் வினிகர் வாசனை வரும். வெளியேறும் அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்தும். சுருள் சுருங்கி, வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குளிரும் உலர்வும் கொண்ட அறையில் வைத்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். சென்னையின் கடற்காற்றில், குளிர்சாதன வசதியில்லாத கிடங்கில் வைத்தால் தாங்காது. படச்சுருளைக் கழுவிப் பிரதியெடுக்கும் லாபில் பாதுகாக்க வாடகை கட்ட வேண்டும். படம் ஓடி முடிந்த பிறகு அந்த வாடகையைத் தொடர்ந்து கட்டும் தயாரிப்பாளர்கள் குறைவு. டிஜிட்டல் வந்ததும் லாப்களே மூடப்பட்டன.

தமிழின் முதல் பேசும்படமாகக் கொண்டாடப்படும் 1931ஆம் ஆண்டின் ‘காளிதாஸ்’ இன்று இல்லை. நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான ‘கீசக வதம்’ இல்லை. அவை நூற்றாண்டுப் பழமையானவை என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ‘வீடு’ விஷயத்தில் அந்த ஆறுதலுக்கும் இடமில்லை. இதில் நடித்தவர்களும் இதை முதலில் பார்த்தவர்களும் நம்மோடு வாழ்ந்துகொண்டிருக்கும்போதே இது நடந்திருக்கிறது. புனேயில் 1964இல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும், 2014இல் மும்பையில் தொடங்கப்பட்ட ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் இந்தியப் படங்களைச் சேகரித்துச் செப்பனிடும் வேலையைச் செய்துவருகின்றன. அரவிந்தனின் மலையாளப் படங்களும் கிரீஷ் காசரவள்ளியின் கன்னடப் படமான ‘கடசிராத்த’வும் செப்பனிடப்பட்டு உலகத் திரைவிழாக்களில் மீண்டும் பார்க்கப்பட்டுவிட்டன. தமிழ்ப் படங்களுக்கும் அந்த நாள் வர வேண்டும் என்றால், அவற்றைப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பது முதலில் தெரிய வேண்டும்.

முறையாக அனுமதி பெற்றுத்தான் திரையிடுகிறீர்களா?

ஆம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு திரைப்படத்துக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. ‘வீடு’ இன்னும் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறது. டிக்கெட் இல்லாமல் இலவசமாகப் பொதுவில் காட்டினாலும் உரிமையாளரின் ஒப்புதல் தேவை. இணையத்தில் கிடைக்கும் பிரதியைத் தரவிறக்கிக் காட்டலாமே என்று சொன்ன நண்பர்களுக்கும் இதையே பதிலாகச் சொன்னோம்.

படம் மெதுவாக நகருமா?

நகரும். அதைக் குறையாகக் கருத வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். முதல் அரை மணி நேரத்தில், வாடகை வீடு தேடும் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, இன்றைய படங்களுக்குப் பழகிய கண்களுக்குச் சற்றுப் பொறுமை தேவைப்படலாம். வேலை தொடங்கிய பிறகு நேரம் போவதே தெரியாது. ஏனென்றால் ஒவ்வொரு காட்சியிலும் பணம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்ற கவலை பார்ப்பவரையும் பற்றிக்கொள்கிறது.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களை அழைத்து வரலாம். அலுவலகத்தில் சுதாவின் நெருக்கடியைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ள மேலதிகாரி ஒருவர் முயலும் காட்சி ஒன்று உண்டு. வன்முறையோ ஆபாசமோ அதில் இல்லை, ஆனால் அது எதைப் பற்றியது என்று குழந்தை கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

தமிழ் தெரியாத நண்பர்களுக்குப் புரியுமா?

ஆங்கிலத் துணையுரை திரையில் வரும். கதைச் சுருக்கத்தையும் பாத்திரங்களின் பெயர்களையும் கன்னடத்தில் அச்சிட்டு நுழைவாயிலில் வைக்கிறோம். கன்னட நண்பர்களை அழைத்து வாருங்கள் என்று சிறப்பாகக் கேட்டுக்கொள்கிறோம். ‘கோகிலா’ பார்த்த மூத்தவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் அவர்களையும் அழையுங்கள். அந்தப் படத்தைப் பற்றி நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களுக்கு மிகுந்த ஆவல்.

கட்டணம் எவ்வளவு? எப்படி வருவது?

ஒருவருக்கு 150 ரூபாய். மாணவர்களுக்கும் கட்டடத் தொழிலாளர்களுக்கும் கட்டணம் இல்லை. மாணவர்கள் அடையாள அட்டை கொண்டுவர வேண்டும். தொழிலாளர்களிடம் எந்த அட்டையும் கேட்க மாட்டோம். அரங்கில் ஏறத்தாழ நூறு இருக்கைகள் இருப்பதால் முன்கூட்டியே பெயர் பதிவு செய்வது நல்லது. மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் அல்சூர் நிலையத்தில் இறங்கி நடந்து வரலாம். கார் நிறுத்த இடம் மிகக் குறைவு. அக்கம்பக்கத்து வீட்டு வாசல்களை மறித்து நிறுத்த வேண்டாம்.

வயதானவர்களுக்கு வசதி இருக்கிறதா?

அரங்கம் முதல் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை. பதினெட்டுப் படிகள் ஏற வேண்டும். கைப்பிடி உண்டு. ஏறச் சிரமப்படுபவர்களுக்கு உதவ எங்கள் இளைஞர்கள் கீழே நிற்பார்கள். முதல் இரண்டு வரிசைகளின் ஓர இருக்கைகளை மூத்தவர்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம்.

தாமதமாக வந்தால் அனுமதிப்பீர்களா? இடைவேளை உண்டா?

5 மணிக்கு விளக்குகள் அணைந்துவிடும். பத்து நிமிடம் வரை பின்வரிசையில் அமர அனுமதிப்போம், அதற்கு மேல் இயலாது. இடைவேளை விடுவதாக இல்லை. சட்னி, சமோசா எதுவும் உள்ளே கொண்டுவர வேண்டாம். படம் முடிந்ததும் கீழே காபி கிடைக்கும்.

படம் முடிந்த பிறகு கலந்துரையாடல் எப்படி நடக்கும்?

முடிந்தவுடன் ஐந்து நிமிடம் யாரும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்வோம். இந்தப் படத்தின் முடிவுக்கு அந்த அவகாசம் தேவை. அதன் பிறகு விருப்பமுள்ளவர்கள் இருந்து பேசலாம். திரைப்பட விமர்சகர்கள் எவரையும் சிறப்புப் பேச்சாளராக அழைக்கவில்லை. அதற்குப் பதிலாக, இந்த ஊரில் சொந்தமாக வீடு கட்டிய ஒருவரையும், நாற்பது ஆண்டுகளாகக் கொத்தனாராக வேலை செய்யும் தருமபுரிக்காரர் ஒருவரையும் முதலில் பேசும்படி கேட்டிருக்கிறோம். சுவர் எழுப்பும் வேலை படத்தில் எவ்வளவு சரியாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று அவர் சொல்லக் கேட்க வேண்டும். தமிழிலோ கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பேசலாம். தேவைப்பட்டால் மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது.

அடுத்து என்ன படம் திரையிடுவீர்கள்?

சொக்கலிங்க பாகவதரை முதன்மைப் பாத்திரமாக வைத்துப் பாலு மகேந்திரா 1989இல் எடுத்த ‘சந்தியா ராகம்’ படத்துக்கான அனுமதிக்கு எழுதியிருக்கிறோம். அதிலும் அர்ச்சனா நடித்திருக்கிறார். அனுமதி கிடைத்ததும், இந்தத் திரையிடலுக்குப் பெயர் பதிவு செய்தவர்களுக்கு முதலில் தெரிவிப்போம்.